கேட்பதற்கென்று ஓர் அறை: தென்திருவிதாங்கூர்ச் சாலையோரத்து ஒலி வரலாறு

நவராத்திரிக்குச் சில நாள் முன்னர், ஆண்டுதோறும் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி திருமேனி ஊர்வலமாகப் புறப்படுகிறது. வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் எழுந்தருள்வர். குழித்துறையில் ஓர் இரவு. மறுநாள் களியக்காவிளையில் மாநில எல்லை கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரையில் மற்றோர் இரவு. மூன்றாம் நாள் திருவனந்தபுரம் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு நிலைபெற்ற வழக்கம் இது. பக்தியின் பாதையாகவும் அரச அதிகாரத்தின் பாதையாகவும் இவ்வூர்வலத்தைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவ்வூர்வலம் முடிவது ஒரு கச்சேரி அரங்கில் என்பது மட்டும் போதிய அளவு பேசப்படவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாக இச்சாலை, இசை ஒலிக்க வேண்டிய அறையை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது.

அதே சாலையில்தான் நேமத்து மெரிலாண்ட் ஸ்டுடியோ எழுந்தது. அதே சாலையின் முடிவில்தான் வானொலி நிலையமும், பின்னர் தரங்கிணி ஒலிப்பதிவுக் கூடமும், சித்ராஞ்சலி ஸ்டுடியோவும் வந்தன. இன்று பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் வீட்டின் ஓர் அறையையே ஒலிக்கலவைக் கூடமாக மாற்றிக்கொள்ளும் இளைஞர்களும் இச்சாலையோரத்தவரே. ஆகவே “நன்றாக ஒலிக்கும் அறை” என்னும் கருத்து இந்நிலத்தில் எவ்வாறு மாறிவந்தது என்பதை இந்த ஒரு சாலையை வைத்தே ஆராய இயலும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கச்சேரி மண்டபம் இசையை உருவாக்குவதில் பங்கேற்கிறது. பாடகரின் குரலுக்கு அது நீட்சி தருகிறது. தம்புராவின் கார்வையைத் தாங்குகிறது. ஒலிப்பதிவாளர் அமர்ந்து பல தடங்களைக் கலக்கும் கண்ட்ரோல் ரூமின் கடமை நேர்மாறானது. அது தன்னுடைய குரலை அடக்கிக்கொண்டு, பதிவில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். முன்னது இசைக்கருவி, பின்னது தராசு. தராசு தன் எடையையும் சேர்த்துக் காட்டினால் வணிகம் கெடும். இவ்விரண்டையும் ஒரே “நல்ல ஒலி” என்ற சொல்லால் குறிப்பதில்தான் பல குழப்பங்கள் தொடங்குகின்றன.

நவராத்திரி மண்டபத்தின் கூரையில் மண்பானைகள் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டிருப்பதும், அவை ஒலியைப் பெருக்குகின்றன என்று வழிவழியாகச் சொல்லப்படுவதும் அறிந்ததே. பானை ஒலியைப் பெருக்காது. வெளியிலிருந்து ஆற்றல் பெறாத எப்பொருளும் ஆற்றலைக் கூட்ட இயலாது. வாய் குறுகிய பாத்திரத்தினுள் இருக்கும் காற்று, தனக்கேயுரிய ஓர் அதிர்வெண்ணில் மட்டும் விழித்துக்கொள்கிறது. அந்த அதிர்வெண்ணைச் சுற்றியுள்ள ஒலியை வாங்கிச் சிறிது உண்டு, சிறிது தாமதித்துத் திருப்பித் தருகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய ஒத்ததிர்வி இதுதான். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் அரங்குகளில் வெண்கலக் கலயங்கள் வைக்கச் சொன்னதும், ஐரோப்பிய இடைக்காலத் தேவாலயச் சுவர்களில் பானைகள் புதைக்கப்பட்டதும் இதே நம்பிக்கையில்தான். மண்டபத்தின் சிறப்புக்கு மரக்கூரையும், திறந்த பக்கங்களும், அடக்கமான அளவும், எல்லாவற்றுக்கும் மேலாக அமைதி காக்கும் அவையும் காரணங்களாகலாம். பானைகளின் பங்கைக் கருவி கொண்டு அளந்த பின்னரே அறுதியிட வேண்டும். மரபின்மீது மதிப்பு வைப்பவர்களே இக்கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர்கள்.

அம்மண்டபத்தின் வரலாற்றில் ஒலியியலைவிடக் கனமான செய்தி ஒன்றுண்டு. ஸ்வாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள் ஒன்பது இரவும் முழங்கும் அந்த அவையில் பெண்கள் பாடும் வழக்கம் இல்லை. 2006ஆம் ஆண்டில்தான் அந்தத் தடை நீங்கியது. முதலில் பாடியவர், 1924இல் பாறசாலையில் பிறந்த தமிழ் மரபினரான பாறசாலை பி. பொன்னம்மாள். திருவனந்தபுரம் ஸ்வாதித் திருநாள் இசைக் கழகத்தின் தொடக்க கால மாணவி, பின்னர் அங்கேயே ஆசிரியர், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது வயதைக் கடந்த பின்னரே அவருக்கு அந்தக் கூரையின்கீழ் குரலெடுக்க இடம் கிடைத்தது. சரஸ்வதி ஆண்டுதோறும் அவருடைய ஊர் வழியாகவே மண்டபத்துக்குச் சென்றுகொண்டிருந்தாள் என்பதை எண்ணும்போது, “நல்ல அறை” என்பதன் முதல் வினா அளவுகோலால் அளக்கத்தக்கது அல்ல என்பது விளங்கும். அறைக்குள் யார் அனுமதிக்கப்படுகிறார் என்பதே அந்த முதல் வினா.

தமிழில் அரங்கின் அளவு பேசப்படும் இடம் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. இருபத்துநான்கு பெருவிரல் கொண்ட கோலால், அகலம் ஏழு, நீளம் எட்டு, தரையிலிருந்து உயரம் ஒன்று. அரங்கின் பலகைக்கும் மேல் உத்தரத்துக்கும் இடையே நான்கு கோல். இவ்வெண்களைக் கொண்டு பழந்தமிழர் அறை ஒலியியலை முற்ற அறிந்திருந்தனர் என்று நிறுவ முயலும் கட்டுரைகள் அவ்வப்போது வருகின்றன. அவற்றை ஏற்பது கடினம். எட்டும் நான்கும் ஒன்றுக்கொன்று இரட்டிப்பு. மூடிய அறை ஒன்றை இந்த விகிதத்தில் கட்டினால் நீளத்தின் அதிர்வும் உயரத்தின் அதிர்வும் ஒரே இடத்தில் வந்து விழும். இன்றைய ஒலிப்பொறியாளர் தவிர்க்கச் சொல்லும் விகிதம் அது. ஆனால் இளங்கோ வரைந்த அரங்கு மூடிய பெட்டி அன்று. முன்புறம் அவைக்குத் திறந்தது. எனவே அந்த விதி அங்குப் பொருந்தவே பொருந்தாது. அங்கு அளவு தீர்மானிக்கப்பட்டது ஆடுபவளின் அடிவைப்பையும் காண்போர் கண்ணையும் கருதியதாக இருக்க வேண்டும். நாட்டிய சாத்திரம் அரங்கை மலைக்குகை போலவும், சிறு சாளரங்களோடும், காற்று மிகப் புகாமலும் அமைக்கச் சொல்வதில் ஒலியைப் பற்றிய நேரடி அக்கறை தெரிகிறது; குரல் கனத்து ஒலிக்க வேண்டும் என்று அந்நூலே காரணமும் கூறுகிறது. ஒரு நூலில் இருப்பதை மற்றொரு நூலில் வலிந்து தேட வேண்டியதில்லை.

எல்லைப்புறச் சிற்றூர்களின் ஒலி மரபை அறிய மண்டபத்தைவிட வில்லையே நாட வேண்டும். வில்லுப்பாட்டின் நடுநாயகம் குடம். வில்லின் நடுவில் பிணைக்கப்பட்ட அம்மண்குடத்தின் வாயைத் தட்டையான பத்தியால் அடிக்கும்போது எழும் ஆழ்ந்த முழக்கமும், வீசுகோல் நாணில் பட்டெழும் சலங்கைச் சிலிர்ப்பும், உடுக்கையின் இடைக்குரலும் சேர்ந்ததே அந்த இசை. கோயில் மண்டபத்தில் பானை தொங்குகிறது. இங்குப் பானை பேசுகிறது. இரவிக்குட்டிப்பிள்ளை போர் போன்ற கதைப்பாடல்கள் இக்கலையின் உயிர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்திலேயே நின்றது. அன்று முதல் ஒரே பாட்டு இரண்டு கல்வித்துறைகளின் பொருளாயிற்று. தெற்கே வில்லுப்பாட்டு, வடக்கே தெக்கன் பாட்டுகள். அறிஞர்கள் பனுவலைப் பகுத்துக்கொண்டனர். குடத்தின் ஒலியை யார் காப்பது என்பது எந்தத் துறையின் பாடத்திட்டத்திலும் இடம்பெறவில்லை.

அறையை அறிவியலாக்கிய கதை வேறிடத்தில் நிகழ்ந்தது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேசியது எதுவும் விளங்காமல் எதிரொலித்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலின் ஒலி எத்தனை வினாடியில் அடங்குகிறது என்று அளந்து, விடியுமுன் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். அறையின் கொள்ளளவு பெருகினால் கார்வை நீளும், உறிஞ்சும் பரப்பு பெருகினால் குறையும் என்ற அவருடைய சூத்திரம் அவ்வாறு பிறந்தது. இந்தியாவில் சி.வி. ராமன் 1920களின் தொடக்கத்தில் லண்டன் புனித பவுல் பேராலயத்தின் கிசுகிசு மாடத்தையும் பீஜப்பூர்க் கோல் கும்பஸையும் ஆராய்ந்தார். மிருதங்கத்தின் கரணை எவ்வாறு அதன் மேலதிர்வுகளைச் சுருதிக்குள் கொண்டுவருகிறது என்பதையும் அதே காலத்தில் விளக்கினார். கருவியையும் கட்டடத்தையும் ஒரே கண்ணால் கண்டவர் அவர். அப்பார்வை நம் இசைக் கல்லூரிகளுக்குள் வராமற்போனது ஒரு பெரும் இழப்பு.

கண்ட்ரோல் ரூம் தோன்றியது 1925இல் மின்வழி ஒலிப்பதிவு வந்த பிறகுதான். அதற்கு முன் பாடகர் ஒரு கூம்பின் முன் நின்று உரக்கப் பாடுவார். வயலின் அருகே, தாளக்கருவி தொலைவில் என்று நிற்கும் இடத்தாலேயே கலவை அமைந்துவிடும். மைக் வந்ததும் குரல் கம்பியில் பயணம் செய்தது. வேறோர் அறையில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டு, இது போதும், அது மிகுதி என்று முடிவுசெய்யும் ஒருவர் தேவைப்பட்டார். பாடகரின் நேரடிக் குரல் அவர் காதில் விழக்கூடாது. ஆனால் பாடகரை அவர் பார்க்க வேண்டும். ஆகவே நடுவே கண்ணாடி. இசைக்கும் இசையைத் தீர்ப்பிடுபவருக்கும் இடையே எழுந்த அக்கண்ணாடி, இருபதாம் நூற்றாண்டின் இசை அதிகாரத்தில் நேர்ந்த பெரிய மாற்றம்.

திருவிதாங்கூருக்கு அக்கண்ணாடி வானொலி வழியாக வந்தது. 1943இல் சமஸ்தான வானொலி தொடங்கியது. 1950 ஏப்ரல் 1 அன்று அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. திவான் சி.பி. ராமசுவாமி ஐயர் வாழ்ந்த வழுதக்காட்டுப் பக்தி விலாஸ் மாளிகை பின்னாளில் நிலையத்தின் இருப்பிடமாயிற்று. நெய்யாற்றின்கரை வாசுதேவன் போன்ற பெருங்குரல்கள் அந்நிலையத்தின் கலைஞர்களாகப் பணியாற்றின. சங்கீத வித்துவானுக்கு மாதச் சம்பளமும், ஒலிவாங்கியின் முன் குரலை அளந்து செலவிடும் பயிற்சியும் ஒருங்கே கிடைத்த இடம் அது. எல்லைக்குத் தெற்கே 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. அலைக்கு மாநில எல்லை தெரியாது.

திரைப்படத்தின் கதை மேலும் சிக்கலானது. நெய்யாற்றின்கரையோடும் அகஸ்தீஸ்வரத்தோடும் வாழ்வு பிணைந்திருந்த ஜே.சி. டேனியல் எடுத்த விகதகுமாரன் மௌனப்படம். அதற்கு ஒலியறை வேண்டியிருக்கவில்லை. மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன் 1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரால் எடுக்கப்பட்டது. மலையாளத் திரைக்குரல் பிறந்த இடம் தமிழ்நாடு. பின்னர் நெடுங்காலம் மலையாளப் பாடல்களின் ஒலிப்பதிவு பெரும்பாலும் சென்னை கோடம்பாக்கத்தைச் சார்ந்தே நடந்தது. 1950களின் தொடக்கத்தில் நாகர்கோவிலைச் சேர்ந்த பி. சுப்பிரமணியம் நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டுடியோவை நிறுவினார். ஆத்மசகி 1952இல் வெளிவந்தது. அவருடைய படங்களால் புகழ்பெற்ற கமுகற புருஷோத்தமனும் இதே தென்திருவிதாங்கூர் மண்ணின் பாடகர். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே பாடியவர். தமிழ்ப் பின்னணி கொண்ட ஒரு தயாரிப்பாளரும் எல்லைப்புறப் பாடகர் ஒருவரும் மலையாளத் திரையிசையின் முதல் பத்தாண்டுகளை வடிவமைத்தனர் என்பதை இருமொழி வரலாறுகளும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

1980 ஒரு திருப்பம். அவ்வாண்டில் கே.ஜே. யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கினார். கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் சித்ராஞ்சலி ஸ்டுடியோ திருவல்லத்தில் செயல்படத் தொடங்கியதும் அவ்வாண்டே. அதே 1980இல் அமெரிக்காவில் டான் டேவிஸ், சிப்ஸ் டேவிஸ் ஆகிய இருவரும் கண்ட்ரோல் ரூமின் ஒரு முனையை முழுதும் உறிஞ்சுவதாகவும் மறுமுனையைச் சிதறடிப்பதாகவும் அமைக்கும் கொள்கையை ஒலிப்பொறியியல் இதழில் முன்வைத்தனர். மூன்றுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் கேட்கும் அறையைத் தனித்த ஒரு கட்டடக்கலைச் சிக்கலாக உலகம் உணர்ந்த காலத்தில்தான் தென்கேரளம் தனக்கென ஓர் அறையைப் பெற்றது என்பது பொருளற்ற ஒற்றுமை அன்று. தரங்கிணி 1992இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. அறைகளும் கலைஞர்களைப் போலவே இச்சாலையில் போய்வருகின்றன.

அந்தக் கொள்கையின் சாரம் எளியது. ஒலிபெருக்கியிலிருந்து நேராக வரும் ஒலியோடு பக்கச்சுவரில் பட்டுத் தெறித்த அதன் நகலும் சிறு தாமதத்தில் காதை அடைகிறது. நகல் ஒரு மீட்டர் மட்டும் கூடுதலாகப் பயணம் செய்ததாக வைத்துக்கொண்டால், தாமதம் மூன்று மில்லிவினாடிக்குச் சற்றுக் குறைவு. அத்தாமதத்தில் 174 ஹெர்ட்ஸும், அதன் மும்மடங்கும், ஐம்மடங்கும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சீப்பின் பற்களைப் போல ஒலிநிறமாலையில் பள்ளங்கள் விழும். கலப்பவர் குரலில் ஏதோ குறைவதாக எண்ணி அதை ஏற்றுவார். குறை பதிவில் இல்லை, சுவரில் இருக்கிறது. அவர் ஏற்றிய மிகை மட்டும் பதிவில் நிலைத்துவிடும். ஆகவே ஒலிபெருக்கிக்கும் காதுக்கும் இடையே முதல் தெறிப்பு நிகழும் இடங்களை, அதாவது இரு பக்கச்சுவர்களிலும் கூரையிலும் கண்ணாடி வைத்தால் ஒலிபெருக்கி தெரியும் இடங்களை, உறிஞ்சும் பொருளால் மூட வேண்டும். பின்சுவரில் ஒலியைப் பல திசைகளிலும் சிதறவிட வேண்டும். இதற்கான எண்கணித வடிவங்களை மன்ஃபிரெட் ஷ்ரோடர் 1970களில் வகுத்திருந்தார்.

பாறசாலைப் பக்கத்து வீட்டறை ஒன்றில் இது என்னவாகும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரமும் பத்தடி. கான்கிரீட் கூரை, பூச்சுச் சுவர், டைல் தரை. இந்நிலத்தின் வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 348 மீட்டர் செல்கிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலைகொள்ளும் முதல் அலை 57 ஹெர்ட்ஸ், அடுத்தது 114. அகலமும் உயரமும் சமம் என்பதால் இரண்டும் ஒரே எண்ணில் ஏறி உட்காரும். ஒரு கட்டைச் சுருதியில் பாடுபவரின் ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். மிருதங்கத்துத் தொப்பியின் ஆழமும் வில்லுக்குடத்தின் முழக்கமும் அதற்குக் கீழே உலவுபவை. அதாவது அறை தன் பொய்யைச் சொல்லத் தேர்ந்துகொண்ட இடம், இப்பகுதி இசையின் அடித்தளம் இருக்கும் அதே இடம்.

கார்வையையும் கணக்கிடலாம். அவ்வறையின் கொள்ளளவு 34 கனமீட்டர். வெறும் பூச்சுப்பரப்பு தன்மீது விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு பங்கையே உறிஞ்சும் என்று கொண்டால், சபைன் சூத்திரப்படி ஒலி அடங்க நான்கு வினாடிக்கு மேலாகும். கதவும் சாளரமும் கட்டிலும் இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு இராது. எனினும் மிகை மிகைதான். ஒலிக்கலவை அறைக்கு அனைத்துலகப் பரிந்துரை, இந்தக் கொள்ளளவுக்கு, 0.17 வினாடியை ஒட்டியது. அதை எட்ட ஏறத்தாழ அறையின் மொத்தப் பரப்பில் பாதி முழுமையாக உறிஞ்சும் பொருளாக வேண்டும். சிறிய அறையில் சபைனின் சூத்திரம் துல்லியமாகப் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டும் வழக்கம் இங்குதான் தோற்கிறது. நுண்துளைப் பொருள் ஒலியைச் சிறப்பாக உண்ண வேண்டுமானால் அலைநீளத்தின் கால்பங்கு அளவுக்குச் சுவரிலிருந்து ஆழம் வேண்டும். 1000 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்பது சென்டிமீட்டருக்குள் அடங்கும். 57 ஹெர்ட்ஸுக்கு ஒன்றரை மீட்டர். மெல்லிய அட்டையும் ஒட்டுப் பஞ்சும் மேல்சுருதியை மட்டும் விழுங்கி, கீழ்ச்சுருதியை அப்படியே விட்டுவிடும். கைதட்டினால் அறை அமைதியாகத் தோன்றும்; குடம் அடித்தால் அலறும். அரைகுறையாக மூடிய அறை, மூடாத அறையைவிட நயமாகப் பொய் சொல்லும்.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று, இந்நிலத்தின் பழைய வீடுகள் இச்சிக்கலை அறியாமலேயே பாதி தீர்த்திருந்தன என்பது. அறையும் நிரையும் கொண்ட வீடுகளில் சுவரே பிலா, அயனி மரப்பலகை, மேலே மரத்தட்டு, அதற்கு மேல் ஓடு. மெல்லிய பலகை, பின்னால் காற்றிடைவெளியோடு, தாழ்ந்த ஒலியால் அசைந்து அதன் ஆற்றலைத் தன்னுள் தேய்த்துவிடும். ஓட்டுக்கூரையின் இடுக்குகள் வழியே கீழ்ச்சுருதி வெளியேறிவிடும். அவ்வகை வீட்டில் குடத்தின் முழக்கம் தேங்குவதில்லை. ஆனால் இடவப்பாதி மழை ஓட்டில் விழும்போதும், முன்பு 47ஆக இருந்து இப்போது 66ஆக எண்ணிடப்பட்ட நெடுஞ்சாலையில் லாரி போகும்போதும், அங்குப் பதிவு செய்ய இயலாது. கான்கிரீட் வெளியொலியைத் தடுத்தது, உள்ளொலியைச் சிறையிட்டது. தேங்காய்க் கதம்பையிலிருந்து எடுக்கும் தும்பு நல்ல ஒலியுறிஞ்சி என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு சாண் தடிப்பில், சுவரிலிருந்து இடைவெளி விட்டு, மூலைகளில் தரை முதல் கூரை வரை நிறுத்தினால் நடுச்சுருதியோடு அதற்குக் கீழேயும் ஓரளவு பயன் தரும். கயிறு திரிப்பதையே ஒரு காலத்தில் பிழைப்பாகக் கொண்ட கடற்கரைக்கு அருகே, விலையுயர்ந்த இறக்குமதிப் பஞ்சை நாடுவது விந்தை. பருவமழை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதிலுள்ள தொல்லை.

கலவை யாருக்காகச் செய்யப்பட்டது என்ற வினாவும் வரலாற்றினுடையதே. 1980களில் ஒலிநாடா பெருகியபோது அய்யப்பன் பாடலும், கிறித்தவப் பக்திப்பாடலும், ஓணப்பாட்டும் எல்லைப்புற மக்களை அடைந்த வழி, வீட்டு டேப்ரெக்கார்டரை விடவும் கோயில், தேவாலயத் திருவிழாக்களின் கூம்பு ஒலிபெருக்கி. மலையாளத்தில் அதன் செல்லப்பெயர் கோளாம்பி. எச்சில் துப்பும் படிக்கத்தின் பெயர் அதன் உருவொப்பால் ஒலிபெருக்கிக்கு வந்தது. அக்கூம்பு நடுச்சுருதியை மட்டுமே தொலைவுக்கு எறியும். கீழ்ச்சுருதி அதன் வழியே வராது. உலகெங்கும் ஒலிப்பதிவாளர்கள் பெரிய ஒலிபெருக்கிகளோடு ஐந்து அங்குல ஆராடோன் பெட்டி ஒன்றையும் மேசையில் வைத்து, எளிய கருவியில் பாட்டு எப்படிக் கேட்கும் என்று சோதித்தனர். தென்னிலத்துக்கு அச்சோதனை கோளாம்பியில் நடந்தது எனலாம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும், 2005இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியை அடக்கின. ஊர் உறக்கம் பெற்றது, அது வேண்டியதே. அதன்பின் பாட்டு ஊரின் காதிலிருந்து தனிமனிதரின் காதுக்குள், செவிப்பொறிக்குள், சென்று சுருங்கியது.

1987இல் வெளிவந்த ஸ்வாதித் திருநாள் திரைப்படம் இந்த வரலாற்றின் பல இழைகளை ஒன்றுசேர்த்தது. இயக்கியவர் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் ஊரூட்டம்பலத்தில் பிறந்த லெனின் ராஜேந்திரன், இசை எம்.பி. சீனிவாசன், பாடியவர்களுள் ஒருவர் நெய்யாற்றின்கரை வாசுதேவன். அரண்மனையிலும் கோயில் மண்டபத்திலும் ஒலித்த கீர்த்தனைகளைத் திரையரங்கின் இருட்டுக்குள் மீட்டுத் தர வேண்டும். இதில் குறைந்தது மூன்று அறைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன: கதை நிகழும் மண்டபம், குரல் பதிவான கூடம், படம் ஓடும் கொட்டகை. கண்ட்ரோல் ரூமில் அமர்ந்தவர் முதலாவதைக் கற்பனையால் படைத்து, இரண்டாவதை மறைத்து, மூன்றாவதை முன்கூட்டி ஊகிக்க வேண்டும். நான்காவதாகத் தாம் அமர்ந்திருக்கும் அறையும் குறுக்கே பேசினால் அவரால் எதையும் உறுதியாக முடிவுசெய்ய இயலாது.

எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றில் இன்று வில்லுப்பாட்டுக் குழுவொன்று தன் கதையைப் பதிவு செய்கிறது எனக் கொள்வோம். புலவர் முதியவர், அக்கதையை முழுதும் அறிந்தவர் சிலரே. பதிவு நடக்கும் அறை பத்துக்குப் பத்து. கலப்பவர் பின்சுவரில் முதுகு சாய்த்து அமர்ந்திருக்கிறார். அங்குத்தான் கீழ்ச்சுருதி குவியும். குடம் முட்டுகிறது என்று அவருக்குப் படுகிறது, குறைக்கிறார். மீண்டும் முட்டுகிறது, மேலும் குறைக்கிறார். அவ்வறையை விட்டு வெளியே கேட்பவர்களுக்கு வில்லுப்பாட்டு என்பது நாணின் சிலிர்ப்பும் குரலுமாக மட்டும் எஞ்சும். ஐம்பது ஆண்டு கழித்து அப்பதிவை ஆராயும் மாணவர், குடம் இக்கலையில் துணைக்கருவி மட்டுமே என்று எழுதினால் அவரைக் குறைகூற இயலாது. ஆவணம் அதைத்தான் சொல்லியிருக்கும். ஓலைச்சுவடியில் எழுத்துப்பிழை நேர்ந்தால் பாடபேதம் கொண்டு திருத்தலாம். ஒற்றைப் பதிவின் ஒலிப்பிழைக்குப் பாடபேதம் கிடையாது.

ஆகவே நாட்டார் வழக்காற்றியல் துறைகள் களப்பதிவோடு, அது எந்த அறையில், எந்த ஒலிபெருக்கியில், அறையின் எந்த இடத்தில் அமர்ந்து கலக்கப்பட்டது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். கலக்கப்படாத மூலத் தடங்களைத் தனியே காக்க வேண்டும். கலப்பவர் செய்ய வேண்டியவை இதைவிட எளியவை. மேசையைப் பின்சுவரிலிருந்து நகர்த்தி, பன்னிரண்டு அடி நீள அறையில் முன்சுவரிலிருந்து நாலரை அடி அளவில் காது இருக்குமாறு அமர்வது, அறையின் நட்டநடுவில் அமராதிருப்பது, அங்கு நீளவாக்கின் முதல் அலை முற்றும் மறைந்துவிடும் என்பதால், இரு பக்கச் சுவர்களும் ஒலிபெருக்கிகளிலிருந்து சம தொலைவில் இருக்கச் செய்வது, மூலைகளில் தும்பு. அதன் பிறகு, கலந்து முடித்த பாட்டை ஒருமுறை அந்தப் புலவரிடமே போட்டுக்காட்டிக் குடம் சரியாக இருக்கிறதா என்று கேட்பது.